கலியமூர்த்தி வாத்தியாரின் கிட்டாருக்கு நட் போட்ட நாள்

கிட்டார் பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பாய், நட்டுக்கு எது பெஸ்ட்? எலும்பா, பித்தளையா, இப்ப புதுசா வருதே, அந்த கிராஃபைட்டா?" கேட்டுவிட்டு, நான் சொல்வதைப் பதிவு செய்யக் கைப்பேசியை என் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்கள். நானும் அரைமணி நேரம் பேசுவேன். அந்தப் பதிவு யாருக்காவது உதவியது என்று இதுவரை தகவல் இல்லை.

தொழிலுக்குச் சம்பந்தமில்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு சின்னக் கட்டை உட்கார்ந்திருக்கும். அதில் ஆறு காடிகள் வெட்டியிருக்கும். ஆறு கம்பிகளும் அந்தக் காடிகளில் ஏறி இறங்கித்தான் தலையில் இருக்கும், சுருதி முறுக்கும் சாவிகளுக்குப் போயாக வேண்டும். அதுதான் நட். இடது கை விரலை எங்கும் வைக்காமல் கம்பியை அடித்தால், அந்தச் சத்தத்தில் பாதி இந்தக் கட்டை கொடுப்பது.

நான் கூத்தாநல்லூர்க்காரன். தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறையில் கை பழகி, திருவாரூரில் ரயில்வே கேட்டை ஒட்டிய சந்தில் கடை போட்டேன். வீணை எதுவும் வரவில்லை. வீணை செய்கிறவர்கள் தஞ்சாவூரில் உட்கார்ந்திருக்கும்போது இங்கே எதற்கு வரும்? வந்ததெல்லாம் எங்கள் ஊர் சபராளிகள் கப்பலில் கொண்டுவந்த கிட்டார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கடை வைத்துப் பிழைத்துவிட்டு ஊருக்கு வந்து போகிறவர்களைத்தான் நாங்கள் சபராளி என்போம். சபராளி தன் மகனுக்காக ஆசையாக வாங்கி வருவார். மகன் நாலு நாள் தட்டிவிட்டு மூலையில் சாத்துவான். அப்புறம் அது ஏதாவது ஒரு மெல்லிசைக் குழுவின் கைக்குப் போய்ச் சேரும்.

மெல்லிசைக் குழு இல்லாத ஊரே அப்போது இல்லை. திருவிழா, கல்யாணம், கட்சி மாநாடு, எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும். தலைவர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது பாட்டுக்காரர்களின் பொறுப்பு. தலைவர்கள் யாரும் நேரத்துக்கு வந்ததில்லை என்பதால் எனக்கும் வண்டி ஓடியது.

எலும்புக்கு நான் வெட்கமில்லாமல் வக்காலத்து வாங்குகிறவன். கசாப்புக் கடையில் மாட்டுக் காலெலும்பு வாங்கி, கொழுப்புப் போக வேகவைத்து, மொட்டைமாடி வெயிலில் வெளுக்கப் போட்டுத்தான் நட் அறுப்பேன். "பிரியாணி தேக்சாவுல ஒங்க எலும்ப ஏத்துனீங்கன்னா நான் எங்க அத்தா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று என் வீட்டுக்காரி ஒருநாள் சொன்னாள். எலும்புக்கென்று தனியாக ஒரு பழைய தேக்சா வாங்கினேன். குடும்பம் பிழைத்தது.

பித்தளையும் நன்றாகத்தான் பேசும், இடத்தைப் பொறுத்து. வேதாரண்யத்து உப்பளத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பித்தளைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப்போனார். பொங்கலுக்குப் போனது சித்திரையில் பச்சை பூத்துத் திரும்பி வந்தது. "பாய், பாசி புடிச்சிடுச்சு" என்றார். கடல்காற்றை நான் என்ன செய்ய முடியும்? மினுக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் என்னிடம் ஒரு கதை உண்டு. ஆனால் நட்டை எதில் செய்வது என்று தெரியாமல் நான் உண்மையிலேயே முழி பிதுங்கி நின்றது ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில் கற்றதை வைத்துத்தான் மிச்ச காலம் கடை நடத்தினேன்.

அது எங்கள் பக்கம் அறுப்பு என்றாலே அடிதடி என்றிருந்த காலம். கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி விவசாயத் தொழிலாளிகள் சங்கம் வைத்திருந்தார்கள். தர முடியாது என்று மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். வரப்பில் போலீஸ் நிற்கும். கோட்டையில் புதிது புதிதாகச் சட்டம் போடுவார்கள். அது வாய்க்கால் தண்ணீர் மாதிரி நின்று நின்று கடைமடைக்கு வந்து சேரும். அப்படி வந்து சேர்ந்த ஒன்றுதான், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த கூலிக்காரர்களுக்கு அந்த மனையையே சொந்தமாக்கிய சட்டம். பாண்டவையாற்றங்கரை ஊர் ஒன்றின் கீழத்தெருவில் அன்றைக்கு மனைப்பட்டா கொடுக்கும் விழா. தாசில்தார் வருகிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு சௌந்தர் குழுவின் மெல்லிசை.

அந்தக் குழுவின் கிட்டார்க்காரர் கலியமூர்த்தி, அதே கீழத்தெருவில் பிறந்தவர். தரங்கம்பாடியில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, அங்கே ஜெபக்கூடத்தில் கிடந்த கிட்டாரில் கை பழகி, ஆரம்பப் பள்ளி வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர் என்றாலும் நான் வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவேன். மெட்ராஸில் பழையதாக வாங்கிய சிவப்பு எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று வைத்திருந்தார். அதை அவர் பிடித்துக்கொள்ளும் விதத்தைப் பார்த்தால் தூங்கும்போதும் கீழே வைக்கமாட்டார் போல் தோன்றும்.

அன்று காலை புதுக் கம்பி போட வந்தார். இருப்புக்கொள்ளாமல் இருந்தார்.

"இன்னிக்கு நான் வாசிக்கிறத அப்பா கேக்கறாரு பாய்" என்றார். "இத்தன நாளு நான் வாசிச்சதெல்லாம் மேலத்தெருக் கல்யாணம், கோயில் வாசல். அங்க வந்து முன்னாடி ஒக்கார அவருக்கு எடம் ஏது? இன்னிக்குத்தான் மொத மொதல்ல எங்க தெருவுல வாசிக்கிறேன். அப்பாவுக்கு மொத வரிசைல பாய் போட்டு வக்கச் சொல்லிட்டேன்."

கம்பி போட்டுச் சுருதி சேர்த்தேன். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் கதையே இல்லை. நல்ல சாமானைப் பார்த்தால் நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. "மெட்ராஸ்காரன் வேற எதுல ஏமாத்தியிருந்தாலும் நட்டுல ஏமாத்தல வாத்தியாரே. நயமான மாட்டெலும்பு. நம்ம ரெண்டு பேரு ஆயுசுக்கும் தாங்கும்" என்றேன்.

கிட்டாரை வாங்க நீட்டிய அவர் கை பாதியில் நின்றது.

"எது எலும்பு?"

"இந்த வெள்ளைக் கட்டை."

"பிளாஸ்டிக்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"பிளாஸ்டிக் இப்புடிப் பேசுமா?" என்று பெருமையாக ஒரு கம்பியைத் தட்டிக் காட்டினேன். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அத எடுத்துடுங்க பாய்" என்றார்.

பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைத் தொடாமலே பேசினார். மேலத்தெருவில் எந்த வீட்டு மாடு செத்தாலும் வந்து இழுத்துப்போவது கீழத்தெருவின் வேலை என்று அவர்கள் தலையில் கட்டியிருந்தார்களாம். இவரும் சின்ன வயதில் ஆற்றங்கரையில் எலும்பு பொறுக்கிச் சாக்கில் கட்டி எலும்பு வியாபாரியிடம் போட்டிருக்கிறார்.

"பள்ளிக்கூடத்துல எம் பேரே எலும்புதான் பாய். வருகை எடுக்கறப்ப மட்டும்தான் கலியமூர்த்தி."

அந்த வேலையை முதலில் மறுத்தவர் இவருடைய அப்பா முருகையன். மிராசுதார் வீட்டு வண்டிமாடு செத்துக் கிடந்தபோது, ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. மாடு கிடந்து நாறியது. அந்தக் குறுவைக்குக் கீழத்தெருவில் ஒருவரையும் வயலில் இறங்க விடவில்லை. தெருவே வேதாரண்யத்துக்கு உப்பு வாரப் போயிற்று. திரும்பி வந்தபோது பயந்து போகாமல் இன்னும் முறுக்கிக்கொண்டு வந்தார்கள். சங்கத்துக் கொடிக்கம்பத்தடியில் நின்று, செத்த மாட்டைத் தொடுவதில்லை, எலும்பும் தோலும் எடுப்பதில்லை, மேலத்தெருச் சாவுக்குப் பறை அடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

"அதே கொடிக்கம்பத்துக்கிட்டத்தான் இன்னிக்கு மேடை போட்டுருக்கு" என்றார் கலியமூர்த்தி. "மாட்டெலும்ப வச்சிக்கிட்டு நான் எங்கப்பா முன்னாடி எப்புடி நிப்பேன்?"

எலும்பு எனக்குக் கசாப்புக் கடையில் கிடைக்கும் ஒரு சாமான். அதற்கு மேல் நான் யோசித்ததே கிடையாது.

அந்த நேரம் பார்த்து சௌந்தர் வந்தார். குழுவின் தலைவர், பாடகர். எதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகவே பதறத் தொடங்கும் மனிதர். கெட்டவர் இல்லை. அன்றைக்குத் தாசில்தாருக்குப் பாட்டு பிடித்துவிட்டால் அடுத்தடுத்த ஊர்களின் பட்டா விழாவுக்கும் தன்னையே கூப்பிடுவார்கள் என்ற கணக்கில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கலியா, வெள்ளையா இருக்குல்ல? பிளாஸ்டிக்னு சொல்லிட்டுப் போ. யாரு வந்து கடிச்சுப் பாக்கப் போறா? இன்னிக்கு ஒரு நாளு ஓட்டிடு. நாளைக்குக் காலைல பாய் எடுத்துத் தரட்டும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. உங்களிடமும் இப்படி ஒருவர் வந்து நிற்பார், பிள்ளைகளே. நிகழ்ச்சிக்கு நேரமில்லை, சாமான் நன்றாகத்தான் வேலை செய்கிறது, இன்று மட்டும் தொடாமல் விடுங்கள் என்பார். பத்துக்கு ஒன்பது தடவை அவர் சொல்வதைக் கேளுங்கள். நிகழ்ச்சி நாளில் நன்றாக இருக்கும் கிட்டாரைக் கழற்றுகிறவன் கிறுக்கன். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன்.

சொல்வதற்கு முன்னால், "எதுக்கும் ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டுங்க வாத்தியாரே" என்றேன்.

வாசித்தார். பிசிறில்லாமல்தான் வாசித்தார். சௌந்தர்கூட, "பாத்தியா, சும்மா கணீர்னு இருக்கு" என்றார். நான் காதை விட்டுவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பக்கம், நட்டை ஒட்டி முதல் கட்டத்தில் பிடிக்க வேண்டிய பிடிகளையெல்லாம் அவர் கழுத்தின் நடுவில் கொண்டுபோய் வேறு விதமாகப் பிடித்தார். திறந்த கம்பி வர வேண்டிய இடங்களில் அதைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார். அடுப்பில் சுட்டுக்கொண்ட பிள்ளை அடுப்படிக்கு வராதது போல அந்தக் கை நட்டின் பக்கமே வரவில்லை. அவர் வேண்டுமென்றே செய்ததாகவும் தெரியவில்லை. இப்படி வாசித்தால் ஒன்றிரண்டு பாட்டு தாங்கும். சாயங்காலம் முழுக்கத் தாங்காது, அதுவும் அப்பாவுக்கு முன்னால்.

கம்பிகளைத் தளர்த்திவிட்டுச் சுத்தியலை எடுத்தேன். "பாய், பாய்!" என்று சௌந்தர் எழுந்து வருவதற்குள் பக்கவாட்டில் ஒரு தட்டு. எலும்பு பெயர்ந்து கையில் வந்துவிட்டது.

"சரி, இப்ப என்னத்த வப்பீங்க?" என்றார் சௌந்தர். சூடாகத்தான் கேட்டார்.

அது எனக்கும் தெரியாது. நட் பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினேன். கையில் இருந்த மான்கொம்பும் வீணைப் பட்டறைக் காலத்துத் தந்தத் துண்டும் எலும்புக்குப் பங்காளிகள், அவற்றை நானே ஒதுக்கினேன். பித்தளை இருந்தது. கையால் அராவி முடிப்பதற்குள் விழாப் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். கருங்காலி இருந்தது, எஃகுக் கம்பி நாலு மாதத்தில் அதை அறுத்துவிடும். பிளாஸ்டிக் இருந்தது. மெத்தென்ற சாமான், வெயிலில் கம்பி அதில் புதைந்து சுருதி ஓடும். எதையும் மறைக்காமல் ஒவ்வொன்றையும் கலியமூர்த்தி முன்னால் வைத்து நல்லதையும் கெட்டதையும் சொன்னேன்.

"நீங்க தொழில் தெரிஞ்சவரு, நீங்களே ஒண்ண முடிவு பண்ணி வைங்க பாய். அவன்கிட்ட என்ன கேட்டுக்கிட்டு?" என்றார் சௌந்தர்.

"தொழில் என்னுது. விரல் அவருதுங்க" என்றேன்.

அப்போதுதான் பெட்டியின் அடியில் கிடந்த சங்குத் துண்டு கண்ணில் பட்டது. வளையல் அறுத்து மிஞ்சிய துண்டு. எலும்பைவிட இறுக்கம், பார்க்கவும் வெள்ளைவெளேர். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு எடுத்து நீட்டினேன். "இந்தாங்க வாத்தியாரே, சங்கு! கடல்ல வெளையறது. இதுல யாருக்கும் ஒரு குத்தமும் இல்ல."

கலியமூர்த்தி சங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார்.

"பாய், எங்க தாத்தா மேலத்தெருச் சாவுக்கெல்லாம் சங்கு ஊதுனவரு. பறையோட சேத்து அதையும்தான் விட்டுட்டு வந்துருக்கோம்."

"யா அல்லா" என்றேன். "அப்ப எனக்கு மிச்சம் என்னதான் வச்சிருக்கீங்க?"

சௌந்தரும் சிரித்துவிட்டார். சிரித்ததில் கொஞ்சம் மூச்சு வந்தது. நெருக்கடியில் யாராவது சிரித்தால் விட்டுவிடாதீர்கள், கூடவே சிரித்துவிடுங்கள். எனக்கு யோசனை வந்தது அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான்.

பக்கத்துக் கடை கோவிந்தராசுவுடையது. பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் உள்ளே செம்புக் கம்பியை மறுபடி சுற்றிக் கொடுக்கிறவர். மோட்டாருக்குள் கரண்ட் முனைகளைத் தாங்குவதற்குத் துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசினில் இறுக்கிய ஒரு தகடு போடுவார்கள். பேக்கலைட் தகடு. காப்பிப்பொடி நிறம். வெயிலுக்கும் அசையாது, தண்ணீருக்கும் அசையாது. தினமும் அவர் கடை வாசலில் அதன் துண்டுகளை மிதித்துக்கொண்டுதான் நான் டீ குடிக்கப் போவேன். ஓடிப்போய்ச் சுவரோரம் கிடந்ததில் தடிப்பாக ஒன்றை எடுத்து வந்தேன். "நட்டுக்கா? மோட்டார்ல போடறதையா?" என்று கோவிந்தராசு பின்னாலேயே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

அதையும் கலியமூர்த்தி முன்னால் வைத்தேன். "இது துணியும் பிசினும். உசுருள்ளது எதுவும் இதுல இல்ல. ஆனா நான் இதுவரைக்கும் இதுல நட் செஞ்சதில்ல. எப்புடிப் பேசும்னு எனக்குத் தெரியாது. கெடுத்தாலும் கெடுக்கும். என்னத்துல செய்யட்டும், நீங்க சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கை நகத்தால் கீறினார். கருங்காலியை முகர்ந்தார். கடைசியில் அந்தக் காப்பிப்பொடித் தகட்டை என் கையில் வைத்தார்.

"இது இருக்கட்டும் பாய்."

அராவ அராவக் கடை முழுக்க ஆஸ்பத்திரி வாடை. வேலை விவரத்தைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். அவசரத்தில் காடிகளை ஒரு மயிரிழை ஆழமாக வெட்டிவிட்டேன், கம்பி தாழ்ந்து கட்டத்தின் உலோகப் பட்டையில் உரசிச் சிணுங்கியது. இன்னொன்று செய்ய நேரமில்லை. சௌந்தர் வாசலில் நின்று வேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப்பையில் ஒரு அரசாங்க லாட்டரிச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. "குலுக்கல் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டேன். "முடிஞ்சிடுச்சு, விழல" என்றார். அதை வாங்கி நட்டின் அளவுக்கு நறுக்கி அடியில் கொடுத்தேன். கட்டை அந்த மயிரிழை உயர்ந்தது. சிணுங்கல் நின்றது.

"என் சீட்டுல வேற எவனுக்கோ பரிசு விழுதுய்யா" என்றார் சௌந்தர்.

வாசித்துப் பார்த்தோம். உள்ளதைச் சொல்கிறேன், எலும்பில் இருந்த அந்தக் கிணுகிணுப்பு இல்லை. சௌந்தர் உதட்டைப் பிதுக்கி, "கொஞ்சம் அமுங்குது" என்றார். அவர் காது பொய் சொல்லாது. ஆனால் கலியமூர்த்தியின் கை கழுத்தின் தலைமாட்டுக்கு, நட்டை ஒட்டி, தன் வீட்டுக்குள் போவது போல் போய் உட்கார்ந்தது. எனக்கு அது போதும். சௌந்தருக்குப் போதவில்லை. மேடையில் ஏதாவது ஆனால் பிடித்து வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்.

கீழத்தெருவில் தோரணம் கட்டியிருந்தார்கள். கொடிக்கம்பத்துக்கு முன்னால் பெஞ்சுகளை அடுக்கிப் பலகை போட்ட மேடை. தென்னைமரத்தில் கூம்பு ஒலிபெருக்கி. தாசில்தார் அதிசயமாக நேரத்துக்கு வந்தார். பேரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து பட்டாவை வாங்கினார்கள். முருகையன் ஒல்லியான மனிதர், தோளில் வெளுத்த துண்டு. வாங்கியதை மடிக்காமல், கசங்காமல், இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து முதல் வரிசைப் பாயில் உட்கார்ந்தார்.

சௌந்தர் மைக்கைப் பிடித்து, "கிட்டார், இந்தத் தெருவின் பிள்ளை, ஆசிரியர் கலியமூர்த்தி அவர்கள்!" என்று அறிவித்தார். என்ன இருந்தாலும் மேடையில் பெரிய மனுஷர் அவர். தெரு ஒரு சத்தம் போட்டது பாருங்கள், ஒலிபெருக்கியே தோற்றுப்போயிற்று. கலியமூர்த்தி வாசித்தார். சுருதி அசையவில்லை. நான் மேடைக்குப் பின்னால் சுத்தியலும் கையுமாக நின்று, கடைசிப் பாட்டு வரையில் உள்ளுக்குள் ஓதிக்கொண்டே இருந்தேன்.

பாட்டு முடிந்து தாசில்தாரின் ஜீப் கிளம்பியதும் கலியமூர்த்தி கிட்டாரோடு இறங்கி நேராக அப்பாவிடம் போனார். நானும் சௌந்தரும் பின்னால் போனோம். பாராட்டைக் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். இந்தக் கிட்டார்ல இத்தன நாளும் மாட்டெலும்பு இருந்துருக்கு. தெரியாமத்தான் வாசிச்சிட்டேன். இன்னிக்குக் காலைல பாய் சொல்லித்தான் தெரிஞ்சது. எடுக்கச் சொல்லிட்டேன்."

முருகையன் கிட்டாரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"எலும்பு ஒன்ன என்னடா பண்ணுச்சு?" என்றார்.

கலியமூர்த்தி ஏதோ சொல்ல வந்தார், முருகையன் விடவில்லை.

"நான் மாட்டயா வெறுத்தேன்? எலும்பயா வெறுத்தேன்? தூக்குடான்னு வந்து நின்னான் பாரு, அதத்தான்டா வெறுத்தேன். நீயா ஆசப்பட்டு வச்சிருந்தா அது ஒன் சாமானு. அத யாரு கேக்கறது?"

"அதத்தாங்க நானும் காலைலேருந்து தலபாடா அடிச்சிக்கிறேன்" என்று சௌந்தர் முன்னால் வந்தார். கலியமூர்த்தியின் முகம் தொங்கிவிட்டது. நல்ல எலும்பைப் பெயர்த்து, சத்தத்தைக் குறைத்து, எல்லோரையும் அலையவைத்தது ஒன்றுமில்லாத காரியத்துக்கா என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று வார்த்தை தேடினேன். முருகையன் என் பக்கம் திரும்பினார்.

"அய்யா, அந்த எலும்ப நீங்களா எடுத்தீங்களா, இவன் சொல்லி எடுத்தீங்களா?"

"அவரு சொல்லித்தாங்க எடுத்தேன். மாத்தி என்னத்துல செய்யறதுன்னும் அவரத்தான் கேட்டேன்."

"கேட்டீங்களா?"

"கேட்டேங்க. இருந்ததயெல்லாம் எடுத்து முன்னாடி வச்சு, என்னத்துல செய்யட்டும்னு கேட்டேன். அவருதான் இத எடுத்துக் குடுத்தாரு."

முருகையன் பாயிலிருந்து எழுந்தார். பட்டாவை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் கண் ஈரமாகத்தான் இருந்தது.

"என் வயசுக்கு, ஒனக்கு எது வேணும்னு என்ன ஒருத்தன் கேட்டதில்லடா" என்றார் மகனிடம். "அளந்து போட்டத வாங்கியாந்தேன். காட்டுன வேலயச் செஞ்சேன். மாட்டேன்னு சொல்ல மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒன்ன ஒருத்தரு கேட்டுருக்காரு. நீ இது வேணும்னு சொல்லியிருக்க."

பாயில் மறுபடியும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வாசி. நீ கேட்டு வாங்குனது எப்புடிப் பேசுதுன்னு நல்லாக் கேக்கறேன்."